கள்ளிக்கு மீடியா காய்ச்சியவள்

ம் கொட்டுகிறவர்கள் கொட்டுங்கள், கொட்டாதவர்கள் சும்மா கேளுங்கள்: கடல் ஒரு பக்கம் நெருக்க, சிவந்த தேரி மணல் மறுபக்கம் நெருக்க, நடுவிலே ஆத்திவிளை என்று ஓர் ஊர் இருந்ததாம், அந்த ஊரில் பனை ஏறின காலம் முடிந்து, ஏறினவர்களின் பிள்ளைகள் லாரிக்கும் உப்பளத்துக்கும் வேலைக்குப் போன பிறகு, துரைப்பழம் என்கிற முதலாளி ஒரு கம்பெனி வைத்தாராம், அந்தக் கம்பெனியில் மண்ணும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் கண்ணாடிப் பாட்டிலுக்குள் கள்ளிச்செடி வளர்த்தார்களாம்.

ஊரைச் சுற்றிக் கள்ளி சும்மா கிடக்கும்போது அதைக் கண்ணாடிக்குள் வைத்து வளர்ப்பானேன் என்று முதல் வருஷம் எல்லோரும் சிரித்தார்கள். இது நம்மூர்க் கள்ளி இல்லை, எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு, நட்சத்திரம் நட்சத்திரமாக முள் வைக்கிற கள்ளி, ஹாலந்துக்காரன் ஜன்னலில் வைத்துப் பார்க்கிறது என்றார் துரைப்பழம். தாய்ச்செடியில் முள் முளைக்கிற புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிளேடால் தோண்டியெடுத்து, பாட்டிலுக்கு ஒன்றாக மீடியாவின் மேல் உட்கார வைத்தால், நாற்பது நாளில் அது குட்டி போடும், குட்டியை வெட்டினால் அதுவும் குட்டி போடும், வெட்ட வெட்டப் பெருகும் என்று அவர் சொன்னபோது, வெட்டப் பெருகுவது இந்த ஊரில் கேஸ் ஒன்றுதான் என்று நினைத்தோம் முதலாளி என்று டீக்கடையில் இருந்து ஒருவர் சொல்ல, அவரும் சேர்ந்து சிரித்தார்.

மீடியா என்பது அந்தச் செடிகளுக்குச் சோறு. கேன்களில் கரைத்து வைத்த உப்புகளை அளந்து ஊற்றி, மற்றச் செடிக்கு முழு உப்பு என்றால் கள்ளிக்குப் பாதி உப்பு என்று கணக்குப் பார்த்து, லிட்டருக்கு முப்பது கிராம் சர்க்கரை போட்டு, குட்டி போட வைக்கிற ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, புளிப்பு சரியா என்று பார்த்து, கடைசியில் கடல்பாசித் தூளைத் தூவிக் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, ஆள் உயரக் குக்கரில் அவித்து எடுத்தால், ஆறினதும் நோன்புக்குக் காய்ச்சுகிற கடல்பாசி போலவே இறுகித் தளதளவென்று நிற்கும். அதைக் காய்ச்சுகிறவள் பெயர் ஞானப்பூ. முப்பது வயது, நாலு வயதில் பிரின்சி என்று ஒரு மகள், உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிற கனகசிங் என்று ஒரு புருஷன்.

புளிப்பை அளக்க ஒரு மீட்டர் இருந்தது. உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டது. பழுது பார்க்க மதுரைக்குப் போன மீட்டர் திரும்பி வராமல் மாதங்கள் போக, கம்பெனிப் பெண்கள் நாக்கை வைத்தார்கள். பதநீர் காய்ச்சின வீட்டில் பிறந்தவர்கள், கலயத்தில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தால் அது எந்த நேரத்துக்குப் புளிக்கும் என்று சொல்லிவிடுகிறவர்கள், அவர்களுக்கு மீட்டர் எதற்கு. அதிலும் ஞானப்பூவின் நாக்கு, மீட்டர் ஐந்து புள்ளி எட்டு என்று காட்ட வேண்டிய இடத்தில் துல்லியமாக நின்றது. பெரிய கரண்டியால் மோந்து, உதட்டில் வைத்துப் பார்த்து, அதே கரண்டியை மறுபடி பானையில் விட்டுக் கலக்குவாள். எப்படியும் குக்கரில் அவியப் போவதுதானே என்பது அவர்கள் நியாயம்.

வைகாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, குழம்பில் மீன் தலை இல்லை என்று கனகசிங் செம்பால் அடித்ததில் உதடு கிழிந்து, கிழிந்த உதட்டோடு வேலைக்கு வந்து, கிழிந்த உதட்டில் கரண்டியை வைத்து, அதே கரண்டியால் கலக்கி, இருநூற்று நாற்பது பாட்டில் கள்ளி மீடியா ஊற்றினாள் ஞானப்பூ. அதுதான் காரணம் என்று பின்னால் சிலர் சொன்னார்கள், அன்றைக்குக் கடல்பாசித் தூள் வேறு கடையில் வாங்கினது என்றும் சிலர் சொன்னார்கள், காரணம் என்ன வாழுது, நடந்தது நடந்தது என்றார்கள் மற்றவர்கள்.

நாற்பதாம் நாள் காலையில் பார்த்தால், அந்த இருநூற்று நாற்பது பாட்டிலிலும் கள்ளிகள் ஒரு முள் இல்லாமல், பச்சைப்பிள்ளையின் குதிகால் போல வழவழவென்று உட்கார்ந்திருந்தன. அதே காலையில் கனகசிங் தன் பெண்டாட்டியின் கன்னத்தில் அறைந்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தான். உள்ளங்கையைத் துளைத்து மறுபக்கம் வரை போய் வந்திருந்தது ஒரு முள், விரல் நீளம், நுனி கறுத்து, அடி வெளுத்து, நல்ல முற்றின கள்ளிமுள். அது ஞானப்பூவின் கன்னத்தில் முளைத்திருந்தது. தோளில் நாலு, முதுகில் பதினொன்று, விலாவில் ஆறு, வயிற்றில் ஒன்று, அந்த ஒன்று மட்டும் பழசு, பிரின்சிக்கு முன்னால் நிற்காமல் போன பிள்ளையின் காலத்தது.

அடி வாங்கின இடத்தில் அடி வாங்கினவர்களுக்கு முள் முளைத்தது, அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆத்திவிளையில் அறுபத்திரண்டு பெண்களுக்கு முளைத்துவிட்டது. கம்பெனியில் பிளேடு பிடித்துக் கள்ளி வெட்டுகிற லீதியாள் பாட்டில் பாட்டிலாக எண்ணிப் பார்த்துவிட்டு, இங்கே இல்லாமல் போன முள் எல்லாம் நம்ம உடம்புக்குப் போயிருக்கிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அவளுக்கும் கழுத்தைச் சுற்றி மாலை போட்ட மாதிரி முள்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பழகுவதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. டெய்லர் அளவு எடுக்கும்போதே முள்ளுக்கு ஓட்டை எங்கே என்று கேட்டுக் குறித்துக்கொண்டார், கோவிலில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஒரு முழம் விட்டு உட்கார்ந்தார்கள், ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஆண்கள் கையில் முள் எடுப்பதற்கு செவ்வாய், வெள்ளி என்று நாள் ஒதுக்கி அட்டை எழுதித் தொங்கவிட்டாள், மினிபஸ் கண்டக்டர் முள் உள்ளவர்களுக்குக் கடைசி சீட்டை விட்டுக்கொடுத்து, மைனி பார்த்து உட்காருங்க, சீட்டு ரெக்சினு புதுசு என்றான். பெண் பார்க்க வந்தால், பெண்ணைக் காட்டும் முன்னால் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் அம்மாவை வரச்சொல்லி முதுகைப் பார்த்தார்கள். தங்கமான மனுஷன் என்று பேர் எடுத்த வாத்தியார் வீட்டம்மா சேலையை இழுத்து இழுத்து மூடியும் இடுப்பில் எட்டிப் பார்த்தது. உப்பளத்துக் கிழவர் ஒருவருக்கும் முளைத்தது, அவர் மகன் அதற்கப்புறம் டீக்கடைக்கு வரவில்லை.

எட்டு மாதம் ஆத்திவிளையில் அடிச்சத்தம் கேட்கவில்லை. அடித்தவர்கள் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, பல் கடித்துக்கொண்டு இருந்தார்கள். கனகசிங்குக்கு உள்ளங்கைப் புண் ஆறாமல் சீழ் வைத்து, திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் இரண்டு விரலை எடுத்தார்கள். விரல் போன கையைத் தூக்கிக் காட்டி, டீக்கடை வாசலில் ஊர் கேட்கச் சொன்னான்.

“இந்த முள்ளு என்னைக்கு விழுதோ அன்னைக்கு அவ கழுத்து இருக்காது. எழுதி வச்சுக்கோங்க.”

யாரும் எழுதி வைக்கவில்லை, மறக்கவும் இல்லை.

துரைப்பழத்துக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. முள் இல்லாத கள்ளியைக் கையில் வைத்துக் கொஞ்சலாம் என்று ஹாலந்துக்காரன் கூடக் கூடக் கேட்டான். பழுது பார்த்த மீட்டர் மதுரையிலிருந்து வந்தபோது அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, நீ நாக்கையே வையி ஞானப்பூ, ஒண்ணையும் மாத்தாதே என்றார். அவளுக்கு உதட்டுக் கிழிசல் ஆறவே இல்லை. ஆறாத உதட்டோடு திங்கட்கிழமை தோறும் காய்ச்சினாள்.

ஆனால் அடிக்கிற கை சும்மா இருந்து கற்றுக்கொண்டது. முதலில் ஒருவன் லாரி டயரை அறுத்துக் கையுறை தைத்தான். டயரைத் துளைக்கும் அளவுக்கு முள் நீண்டது. மூங்கில் கழி எடுத்தார்கள். கழிக்கு ஈடாக முள்ளும் முழ நீளம் நீண்டது. அப்புறம் தூரத்தில் நின்று கல் எறிந்தார்கள், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முள், ஒவ்வொரு முள்ளுக்கும் இன்னொரு கல், வாசல் தோறும் ரத்தம், வாசல் தோறும் தண்ணீர் ஊற்றிக் கழுவின ஈரம். சித்திரை மாதம் சொர்ணமணி என்கிற பெண்ணை அவள் வீட்டு ஆள்களே கூரையிலிருந்து ஓடு ஓடாகப் பிடுங்கி எறிந்து கொன்றபோது, அவளைத் தூக்க யாராலும் கிட்டப் போக முடியவில்லை. ஆசாரி வைக்கோல்போர் அளவுக்கு ஒரு பெட்டி செய்தான், அதற்கும் மூடி மூடவில்லை, மூடாத பெட்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போய், கல்லறையில் கிணறு தோண்டுகிற மாதிரித் தோண்டிப் புதைத்தார்கள்.

பிள்ளை பெற்றவர்கள் பாடு அதைவிட மோசம். முள் வந்த நாளிலிருந்தே முள் உள்ள எந்தத் தாயும் பிள்ளையைத் தூக்கவில்லை, முழ நீளமான பிறகு கிட்டவே போக முடியவில்லை. ஞானப்பூ நீளக் காம்பு அகப்பையால் பிரின்சிக்குச் சோறு ஊட்டினாள், சீப்பைக் கம்பில் கட்டித் தலை வாரினாள், பிள்ளை கட்டிலில் படுத்தால் அவள் எதிர்ச்சுவர் ஓரம் நின்றபடியே உறங்கினாள். எம்மா, ஒரு வட்டம் தூக்கும்மா, ஒரே ஒரு வட்டம், என்று ஒரே ஒரு தடவைக்காகப் பிள்ளை தினமும் கெஞ்சியது. நாளைக்கு மக்கா, நாளைக்கு, என்று தினமும் சொன்னாள். பிள்ளை அழுது கிட்ட ஓடி வந்தால் இவள் பின்னால் ஓடினாள். தாய் ஓட மகள் துரத்துகிற அந்த விளையாட்டைத் தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. கனகசிங் மட்டும் சனி ஞாயிறில் பிள்ளையைத் தன் அம்மா வீட்டுக்குத் தூக்கிப் போனான். தூக்க அவனால் முடிந்தது.

மறு வைகாசியில் துரைப்பழத்தின் வீட்டிலேயே அவருக்கு முள் குத்தியது. கார்க் கதவைத் தெரியாமல் சாத்துகிற மாதிரிச் சாத்தி வீட்டம்மாவின் கையை நசுக்குகிறவர் அவர், யாருக்கும் தெரியாது, முள் வந்து தெரிந்துபோனது. ஒரு கண் போயிற்று. கண்ணில் கட்டோடு அவர் அலமாரியைத் திறந்து மீட்டரை எடுத்தார். இனிமேல் நாக்கு வைக்கக்கூடாது, பழைய மாதிரி மீட்டர் வைத்து ஒரு பானை காய்ச்சு, பாட்டிலுக்கு முள் திரும்பினால் ஊரில் விழும், முளைக்கத்தான் நாற்பது நாள், விழ ஒரு நொடி போதும், சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனி முற்றத்தில் ஊரைக் கூட்டுகிறேன், எல்லார் முன்னாலும் காய்ச்சு என்றார். காய்ச்சமாட்டேன் என்றால் கம்பெனியைக் கொளுத்திவிடுவதாக ஆண்கள் ஏற்கெனவே சொல்லி, மண்ணெண்ணெயும் வாங்கி வைத்திருந்தார்கள். கொளுத்தினால் பாட்டில்கள் போகும், முள் விழுமா விழாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் அவளை விட்டுக் காய்ச்சச் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுக்கப் பெண்கள் ஞானப்பூவைத் தேடி வந்தார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, வாசலில் ஆறடி தள்ளி நின்று, என் பிள்ளை பாலைப் பாட்டிலில் குடிக்குது, என் நெஞ்சு கட்டிப்போய்க் காய்ச்சலடிக்குது, நிறுத்திருங்கக்கா என்று அழுதாள். லீதியாள் வந்து, நிறுத்தக்கூடாது என்றாள்.

“எக்கா, எட்டு மாசம் நான் வெளக்க அணைச்சிட்டு உறங்கினேன். கலியாணம் ஆகி ஆறு வருஷத்தில அந்த எட்டு மாசம்தான். கல்லு எறியுதாவன்னா நாமளும் எறிவோம். இத விட்டுக்குடுத்தா உன்னையக் கொன்னு போட்டுருவான், நீ இருக்கமாட்ட.”

“தெரியும்” என்றாள் ஞானப்பூ.

“பொறவு என்ன யோசன?”

“பிள்ளையத் தூக்கிப் பதினோரு மாசமாச்சு. ஒரு வட்டம் தூக்கிட்டா போதும். அவன் வாரதுக்கு ஒரு அரைமணி நேரம் ஆகும்லா.”

லீதியாள் திரும்பிப் போனாள். போகிற வழியில் டீக்கடைக்காரனிடம், ஞானப்பூ காய்ச்சத்தான் போகிறாள், சாகத்தான் போகிறாள் என்று சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கனகசிங்குக்கும் தெரிந்தது. அவன் பாளை சீவுகிற அரிவாளை எடுத்துச் சாணைக்காரனிடம் கொடுத்தான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆத்திவிளை முழுவதும் கம்பெனி முற்றத்தில் நின்றது. ஆண்கள் ஒரு பக்கம், கையில் டயர் கையுறை, காலடியில் மூங்கில். முள் உள்ளவர்கள் மறுபக்கம், ஆளுக்கு ஆள் தூரம் விட்டு, மேலே காக்கை உட்கார முடியாத வேலி மாதிரி. நடுவில் அடுப்பு, பானை, ஸ்டூலில் மீட்டர். துரைப்பழம் ஒற்றைக் கண்ணால் ஒரு பேச்சுப் பேசினார், ஊர் நன்மை என்றார், குடும்பம் என்றார், பழையபடி என்றார். ஞானப்பூ வெள்ளைக் கோட்டில் ஓட்டைகள் போட்டு, கன்னத்து முள்ளுக்கு மேலே தலையில் தொப்பி வைத்து, உப்புகளை அளந்து ஊற்றினாள். கள்ளிக்குப் பாதி. சர்க்கரை போட்டாள். ஹார்மோன் விட்டாள். மீட்டரின் கண்ணாடி முனையைப் பானையில் இறக்குவதற்குக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் கனகசிங் பிரின்சியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பிள்ளை பார்க்கட்டும், அம்மாவுக்கு முள் விழுவதைப் பிள்ளை பார்க்கட்டும் என்று கூட்டத்தைப் பார்த்து நல்ல தகப்பனாகச் சொன்னான். பிள்ளை அம்மாவைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு ஓடி வந்து, வழக்கமான தூரத்தில் தானாகவே நின்றது. முழுக்கைச் சட்டை போட்டு விட்டிருந்தான், அந்த வெயிலில். ஓடி வந்ததில் சட்டைக் கழுத்து ஒரு பக்கம் சரிந்தது. தோளில் மூன்று முள் இருந்தது. முடி மாதிரி மெலிசு, இன்னும் நுனி கறுக்காத வெள்ளை முள்.

முற்றத்தில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை.

ஞானப்பூ மீட்டரைப் பானையில் இறக்கவில்லை, ஸ்டூலில் திரும்ப வைத்தாள். அது விழுந்துவிடாதபடி தள்ளி வைத்தாள்.

“பிள்ளைக்கு என்ன செஞ்ச?”

“பாலைக் கொட்டிச்சு. ஒரு தட்டுத் தட்டினேன்” என்றான் கனகசிங். “எல்லாரும் தட்டாததா?”

ஒரு தட்டுக்கு ஒரு முள்தான் வரும் என்று அந்த ஊரில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மூன்று என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். ஞானப்பூ பிள்ளையிடம், மக்கா நீ லீதியாள் சித்திகிட்ட போயி அந்தப் பக்கம் திரும்பி நில்லு என்றாள். பிள்ளை போய் நின்றது. ஞானப்பூ வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முழ நீள முள்ளெல்லாம் வெயிலில் மின்ன, புருஷனைப் பார்த்து நடந்தாள்.

அவள் காலில் விழ வருகிறாள் என்றே அவன் நினைத்தான். மூங்கில் சுவரோரம் இருந்தது, அரிவாள் சாணையிலிருந்து வரவில்லை. ஏட்டி, ஆள்கள் நிக்காவ என்று சிரித்தான். அவள் இன்னும் கிட்ட வந்தபோது ஒரு அடி பின்னால் வைத்தான், பின்னால் ஆண்கள் கூட்டம் நெருக்கி நின்றது, அவர்களில் ஒருவரும் விலகி வழி விடவில்லை, ஏன் விடவில்லை என்று பிற்பாடு அவர்களைக் கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஞானப்பூ அவனைக் கட்டிப் பிடித்தாள். பதினோரு மாதமாக யாரையும் கட்டிப் பிடிக்காதவள், பிள்ளையைக் கட்டிப் பிடிக்க வேண்டிய கையெல்லாம் சேர்த்து, இறுக்கிக் கட்டிப் பிடித்தாள். கன்னத்து முள் கன்னத்தில் போயிற்று, தோள் முள் தோளில், நெஞ்சு முள் நெஞ்சில், விலா விலாவில், வயிற்றில் இருந்த அந்தப் பழைய ஒற்றை முள்ளும் அடிவரை போயிற்று. செம்புக்கு ஒன்று, பெல்ட்டுக்கு ஒன்று, வாசல்படிக்கு ஒன்று, கொடுத்ததெல்லாம் கொடுத்தவனுக்கே திரும்பிப் போக, அவன் முதலில் கத்தினான், பிறகு அவள் பெயரைச் சொன்னான், பிறகு வாயில் ரத்தம் வந்து சொல்வது நின்றது. யாரும் பிரித்து விடவில்லை. பிரிக்க எங்கே பிடிப்பது. அவன் கால் தளர்ந்து கீழே சரிய, அவளும் கூடவே குனிந்து, கீழே கிடத்தும் வரைக்கும் பிடியை விடாமல் இருந்து, அப்புறம் எழுந்தாள். எழும்போது முள்ளெல்லாம் அடியில் முறிந்தன, காய்ந்த பனைமட்டை ஒடிகிற சத்தம், ஒவ்வொன்றாக, கடைசி முள் வரைக்கும். எல்லாம் அவனிடம் நின்றன. முற்றத்து மணலில் மல்லாந்து கிடந்த அவன்மேல் ஊர் தெரியாத ஏதோ ஒரு செடி முளைத்த மாதிரி இருந்தது.

ஞானப்பூ நிமிர்ந்து நின்றாள். உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை, அதில் சின்னச் சின்ன ரத்தப்பொட்டு, வேறு ஒன்றும் இல்லை.

அடுப்பில் பானை கொதித்துப் பொங்குகிறதைப் பார்த்த துரைப்பழம், அப்ப இந்த மீடியா என்று இழுத்தார்.

“மீட்டர் ஸ்டூலில இருக்கு. நீங்களே காய்ச்சுங்க முதலாளி” என்றாள் ஞானப்பூ.

அவர் மீட்டரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பிறகு கூட்டம் கலைந்தது. ஆண்களில் சிலர் கையுறையைக் கழற்றி மணலில் போட்டுவிட்டுப் போனார்கள், சிலர் மாட்டிக்கொண்டே போனார்கள். முள் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, இடித்துக்கொள்ளாமல், தலையைக் குனிந்தபடி ஒருத்தி பின் ஒருத்தியாகப் போனார்கள். டீக்கடைக்காரன் கிடந்தவன்மேல் ஒரு சாக்கைப் போட்டான், சாக்கு கீழே படியாமல் கூடாரம் மாதிரி நின்றது, அவனும் போனான். போலீஸுக்குச் சொல்ல யாரோ சைக்கிளில் போனார்கள். லீதியாள், நான் உன்கூட இருக்கவாக்கா என்று கேட்டாள், வேண்டாம் என்றதும் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

முற்றத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். பிரின்சி திரும்பிப் பார்த்தது. அம்மாவின் நெஞ்சையும் தோளையும் மேலும் கீழும் பார்த்தது. ஓடி வந்தது, வழக்கமான தூரத்தில் நின்றது, அப்புறம் அந்தத் தூரத்தைத் தாண்டியது.

ஞானப்பூ குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். தோளோடு சேர்த்து அணைத்தபோது, பிள்ளையின் தோளில் இருந்த மூன்று முள்ளும் அவள் தாடைக்குக் கீழே இறங்கின. மெலிசு முள், ஆனாலும் முள்தான்.

“வலிக்காம்மா?” என்றது பிள்ளை.

அவள் பிள்ளையை இறக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற வடக்கு ரோட்டைப் பார்த்து, மத்தியான வெயிலில் நடந்து போனாள்.